நரம்புக்கும் சிலிக்கனுக்கும் நடுவே உப்புநீர்

நரம்புக்கலமும் மின்சாரத்தில் இயங்குகிறது, கணினிச் சில்லும் மின்சாரத்தில் இயங்குகிறது. அப்படியானால் இரண்டையும் ஒரு கம்பியால் தொடுத்துவிட்டால் போதாதா? போதாது. இரண்டிலும் ஓடுவது ஒரே மின்சாரம் அல்ல. சிலிக்கனுக்குள் ஓடுபவை இலத்திரன்கள். நரம்புக்குள்ளும் அதைச் சுற்றியும் ஓடுபவை சோடியம், பொற்றாசியம், குளோரைட்டு முதலான அயன்கள். அதாவது தண்ணீரில் கரைந்து, மின்னேற்றத்தோடு திரியும் உப்பின் துணுக்குகள். இலத்திரன் படிகத்துக்குள் பாய்ந்து செல்லும். அயனோ தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளையும் இழுத்துக்கொண்டு ஊரும். ஒரே அளவு மின்புலத்தில் இலத்திரனின் வேகம் அயனின் வேகத்தைவிட ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு கூடியது. உயிருள்ள நரம்புக்கலத்தையும் குறைகடத்திக் கருவியையும் மின்முறையில் இணைப்பது என்றால், இந்த இரண்டு மின்சாரங்களும் ஒன்றோடொன்று கலக்காமலே ஒன்றின் அசைவை மற்றது அறியும்படி செய்வதுதான்.

கலக்காமல் இருக்கவேண்டிய காரணம் வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கத் தொடர்மாடிகளில் குடியிருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். கடற்காற்றோடு வரும் உப்பு, யன்னல் கம்பியில் தொடங்கி ஃபிரிட்ஜின் பின்பக்கம், ஏசிப் பெட்டியின் வெளிக்கூடு என்று எல்லாவற்றையும் தின்றுகொண்டே போகும். உடலின் திரவம் கடல் அளவுக்கு உப்பானது அல்ல. கடல்நீரில் நூற்றுக்கு 3.5 பங்கு உப்பு என்றால் உடற்திரவத்தில் 0.9 பங்குதான். ஆனால் கடற்காற்று ஈரப்பசையோடு தடவிவிட்டுப் போகிறது. உடலுக்குள் வைக்கும் கருவியோ இரவு பகலாக உப்புநீரில் மூழ்கிக் கிடக்கிறது. வெறும் சிலிக்கனையும் அதன் உலோக இணைப்புகளையும் அப்படி மூழ்கவைத்து மின்னழுத்தமும் கொடுத்தால் அரிப்புத் தொடங்கிவிடும். அதில் பிறக்கும் இரசாயனப் பொருள்கள் பக்கத்திலுள்ள கலத்தையும் கொன்றுவிடும். ஆகவே சில்லுக்கு ஒரு தோல் வேண்டும்.

அந்தத் தோல் சிலிக்கனுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. ஒட்சிசனில் வைத்துச் சூடாக்கினால் சிலிக்கனின் மேற்பரப்பில் சிலிக்கன் ஈரொட்சைட்டுப் படலம் வளரும். கடற்கரை மணலில் பெரும்பங்கும் அதே சேர்வைதான். நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பத்து இருபது நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுப் படலமே இலத்திரனை வெளியே விடாமலும் அயனை உள்ளே விடாமலும் காவல் காக்கப் போதும். மின்னோட்டம் அதைக் கடக்காது. ஆனால் ஒரு பக்கத்தில் மின்னழுத்தம் மாறினால் மறுபக்கம் அதை உணரும். கொள்ளளவி ஒன்றின் இரு தகடுகளுக்கு நடுவே நடப்பதும் இதுதான்.

நரம்புக்கலத்தின் பக்கத்திலும் இதே மாதிரியான ஏற்பாடு உண்டு. கலத்தை மூடியிருக்கும் கொழுப்பு மென்சவ்வு ஏறத்தாழ 5 நனோமீற்றர் தடிப்பானது. கலம் ஓய்ந்திருக்கும்போது அதன் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று தாழ்ந்த அழுத்தத்தில் இருக்கும். டோர்ச் பற்றரி ஒன்றின் 1.5 வோல்ற்றில் இது இருபதில் ஒரு பங்குதான். ஆனால் அந்த வித்தியாசம் முழுவதும் 5 நனோமீற்றருக்குள் விழுகிறது. மீற்றர் கணக்கில் சொன்னால் ஒரு மீற்றருக்கு 1 கோடி 40 இலட்சம் வோல்ற்று. இதில் ஐந்தில் ஒரு பங்குக்கே காற்று தாங்காமல் மின்பொறி பறந்துவிடும். நரம்பு இந்த இறுக்கத்தை வாழ்நாள் முழுவதும் சுமந்துகொண்டே இருக்கிறது.

தூண்டல் வந்ததும் மென்சவ்விலுள்ள சோடியக் கால்வாய்கள் திறக்கின்றன. சோடியம் அயன்கள் உள்ளே பாய, அழுத்தம் ஏறத்தாழ 100 மில்லிவோல்ற்று மேலே துள்ளுகிறது. பிறகு பொற்றாசியம் வெளியேற, ஒன்றிரண்டு மில்லிசெக்கனுக்குள் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்தத் துள்ளலுக்குத் தாக்க அழுத்தம் என்று பெயர். கணவாயின் பருத்த நரம்பிழையை வைத்து அலன் ஹொட்ஜ்கினும் அண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952 இல் இதற்குக் கணிதச் சமன்பாடுகளை எழுதினார்கள். 1963 இல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு பேசும் பேச்சு எல்லாம் இந்த ஒரே வடிவத் துள்ளலின் எண்ணிக்கையிலும் இடைவெளியிலும்தான் இருக்கிறது. சில்லு கேட்கவேண்டியதும் அதைத்தான்.

உயிரையும் மின்சாரத்தையும் சேர்த்துப் பார்க்கும் முயற்சி பழையது. செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டால் உதறுகிறது என்று இத்தாலியின் லூயிஜி கல்வானி 1791 இல் நூல் வெளியிட்டார். இந்தியாவில் ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு வியப்பான இரட்டை வேலை செய்தார். காலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தால் வானொலி அலைகளைக் கண்டறியும் கருவிக்கு 1901 இல் விண்ணப்பித்து, 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குறைகடத்திக் கருவிகளின் வரலாற்றில் மிக முந்தியவற்றுள் அதுவும் ஒன்று. நடுவே 1902 இல், உயிருள்ளவற்றிலும் உயிரற்றவற்றிலும் தோன்றும் மின்துலங்கல்களை ஒப்பிட்டுப் புத்தகம் எழுதினார். குறைகடத்தி ஒரு மேசையில், நரம்பு மறு மேசையில். இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் காலம் அப்போது வரவில்லை.

வந்தபோது அது நெதர்லாந்தில் தொடங்கியது. 1970 இல் பீற் பேர்க்வெல்ட் என்பவர், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் குறைகடத்திக் கருவியான டிரான்சிஸ்டர் ஒன்றின் உலோக மூடியை நீக்கிவிட்டு, அதன் ஒட்சைட்டை நேரடியாகத் திரவத்தில் படவிட்டார். நரம்பு ஆய்வுக்கு உதவும் என்பதே அவருடைய எண்ணம். நடந்தது வேறு: அந்தக் கருவி இன்று அமிலத்தன்மையை அளக்கும் மானிகளிலும் மரபணு வாசிக்கும் இயந்திரங்களிலும் வேலை செய்கிறது.

நரம்புக்கலம் ஒன்று முதன்முதலாக டிரான்சிஸ்டர் மேல் உட்கார்ந்து பேசியது 1991 இல், ஜேர்மனியின் ஊல்ம் பல்கலைக்கழகத்தில். பீற்றர் ஃபுரோமெர்ஸும் அவருடைய குழுவும் அதற்குத் தேர்ந்தெடுத்த உயிரினம் அட்டை.

மலைநாட்டிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு அட்டையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போவதே அதற்குப் பயந்துதான். தேயிலைத் தோட்டத்தில் ஏறுவது தரை அட்டை; அதன் விஞ்ஞானப் பெயரிலேயே சிலோன் இருக்கிறது: ஹேமாடிப்சா சைலானிக்கா. ஊல்மில் பயன்பட்டது அதற்கு உறவான, குளத்தில் வாழும் மருத்துவ அட்டை. கெட்ட இரத்தம் எடுக்க நாட்டு வைத்தியர்கள் விடும் அட்டைகளைப் போன்றது. நரம்பு ஆய்வாளர்களுக்கு இந்தப் பிராணி செல்லமானதற்குக் காரணம் அதன் எளிமை. அதன் வயிற்றுப்பக்கமாக நரம்புத்திரட்டுகள் மணிமாலை போல ஒரே வரிசையில் கிடக்கின்றன. திரட்டு ஒன்றில் ஏறத்தாழ 400 கலங்களே உண்டு. அவற்றுள் றெற்சியஸ் கலங்கள் எனப்படும் ஒரு சோடி தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரியவை: குறுக்களவு மில்லிமீற்றரில் பதினைந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட. மனித மூளைக்கலங்களில் பெரும்பாலானவை இதன் கால்வாசிகூட வராது.

அந்தக் கலத்தை நுண்குழாயால் திரட்டிலிருந்து உறிஞ்சி எடுத்தார்கள். ஒட்டுவதற்கு லைசின் என்ற அமினோ அமிலத்தின் சங்கிலி பூசிய சில்லின் மேல், டிரான்சிஸ்டரின் திறந்த வாயிலுக்கு நேராக வைத்தார்கள். இந்த வாயிலுக்கு நமது பாடநூல்கள் கொடுத்திருக்கும் பெயர் அழகானது: படலை. வேலிப் படலையை ஒரு சாண் திறந்தால் ஓர் ஆள் போகலாம், அகலத் திறந்தால் மாட்டுவண்டியே போகலாம். அதுபோல இந்தப் படலையின் மேலுள்ள மின்னழுத்தம் சிறிது மாறினாலே அடியில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு மாறிவிடும். சாதாரண டிரான்சிஸ்டரில் படலையைத் திறந்து மூடுவது ஓர் உலோகத் தகடு. இங்கே தகட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அட்டையின் நரம்புக்கலத்தை இருத்தினார்கள். கலம் துள்ளும்போதெல்லாம் சிலிக்கனுக்குள் மின்னோட்டம் அதற்கேற்ப அசைந்தது. நரம்பைக் குத்தாமல், கிழிக்காமல், வெளியிலிருந்தே அதன் துடிப்பை ஒரு குறைகடத்தி கேட்டுவிட்டது. கல்வானியின் நூலுக்குச் சரியாக 200 ஆண்டு கழித்து.

கேட்டது எப்படி என்பதுதான் இந்தத் துறையின் இதயம். நரம்பின் அழுத்தம் நேரடியாகச் சில்லைத் தாக்குகிறது என்று முதலில் நினைக்கத் தோன்றும். அது நடக்க வழியில்லை. உப்புநீரில் ஒரு மின்னேற்றம் இருந்தால் எதிர்க்குறி அயன்கள் உடனே அதை மொய்த்து மறைத்துவிடும். உடற்திரவத்தின் உப்புச்செறிவில் ஒரு நனோமீற்றருக்கு அப்பால் அந்த மின்னேற்றம் இருப்பதே தெரியாது. கலமோ சில்லை அப்படி நெருங்குவதில்லை. ஒட்டியிருப்பதாகத் தோன்றும் கலத்துக்கும் ஒட்சைட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 50 முதல் 100 நனோமீற்றர் வரை இடைவெளி இருக்கிறது. ஒளிரும் சாயமும் ஒளியின் குறுக்கீடும் கொண்டு ஃபுரோமெர்ஸின் ஆய்வுகூடமே அதை அளந்தது. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவான இடுக்கு அது. கலத்தின் வெளிப்புறப் புரதங்கள் முட்டுக்கொடுத்து நிற்பதால் அதற்குமேல் நெருங்க முடிவதில்லை. இடுக்கு முழுவதும் உப்புநீர்.

அடைமழை நாளில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளைப் பார்த்தவர்களுக்கு இனி வருவது விளங்கும். கான் அகலமாக இருந்தால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் சத்தமில்லாமல் கடலில் சேர்ந்துவிடும். கானின் நீர்மட்டம் உயராது. கான் ஒடுங்கியிருந்தால் அதே மழைக்கு நடுவழியில் மட்டம் ஏறி வாசற்படியைத் தொடும். கலத்துக்கு அடியிலுள்ள இடுக்கு அப்படியொரு ஒடுங்கிய கான். தாக்க அழுத்தம் பிறக்கும்போது கலத்தின் அடிப்பக்க மென்சவ்வூடாக மின்னோட்டம் இடுக்குக்குள் வருகிறது. அது பக்கவாட்டில் ஓடி, கலத்தைச் சுற்றியுள்ள திரவமாகிய கடலில் சேரவேண்டும். இடுக்கு குறுகலானதால் தடை அதிகம். தடையால் கலத்தின் நடுப்பகுதிக்கு அடியில் அழுத்தம் ஏறுகிறது. படலை உணர்வது அந்த ஏற்றத்தைத்தான். இடுக்கு அகன்றால் கூர்மையான டிரான்சிஸ்டரும் செவிடாகிவிடும்.

இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. கலத்தின் அடிப்பக்க மென்சவ்வும் மேற்பக்க மென்சவ்வும் எல்லா வகையிலும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு கணமும் அயன் கால்வாய்கள் வழியே போகும் மின்னோட்டத்தையும் மென்சவ்வு கொள்ளளவியாக ஏற்றிறக்கும் மின்னோட்டத்தையும் கூட்டினால் பூச்சியம் வரும். சில்லுக்கு எதுவும் கேட்காது. கேட்பதற்குக் காரணம், சில்லோடு ஒட்டிய பகுதியில் அயன் கால்வாய்கள் மற்றப் பகுதியைவிடக் கூடியோ குறைந்தோ இருப்பதுதான். அதாவது, கலம் சீராக இல்லாததால்தான் இந்தத் தொழில்நுட்பம் நடக்கிறது. அட்டையின் பெரிய கலத்தில் சில்லு பிடிப்பது மில்லிவோல்ற்றுக் கணக்கிலான சைகை. எலியின் மூளைக்கலம் சிறியது; அதில் கிடைப்பது மில்லிவோல்ற்றில் பத்திலொரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். அதை டிரான்சிஸ்டரின் சொந்த இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதே பெரும்பாடு.

எதிர்த்திசைப் பேச்சு 1995 இல் கைகூடியது. அதற்குள் ஃபுரோமெர்ஸ் மியூனிக் நகருக்குப் பக்கத்திலுள்ள மக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்துக்கு மாறியிருந்தார். அல்ஃபிரட் ஸ்ரெற்றும் அவரும் ஒட்சைட்டின் அடியில் சிலிக்கனுக்குத் திடீரென ஒரு மின்னழுத்தப் படியைக் கொடுத்தார்கள். மின்னோட்டம் எதுவும் ஒட்சைட்டைக் கடக்கவில்லை. ஆனால் இடுக்கிலுள்ள அயன்கள் ஒரு கணம் தள்ளப்பட்டன. அந்தத் தள்ளுதலே மேலே இருந்த அட்டைக்கலத்தைத் துள்ளவைத்தது. படி மாறாமல் அப்படியே நின்றால் விளைவு ஒன்றும் இல்லை. கொள்ளளவி வழியாகப் போவது மாற்றம் மட்டும்தான். நிலையான அழுத்தத்தை அது கடத்தாது. நரம்புக்கும் அதுவே நல்லது: தொடர் மின்னோட்டம் நீரைப் பிரித்து, திசுவைப் புண்ணாக்கும்.

கேட்கவும் சொல்லவும் முடிந்தபின் அடுத்தது உரையாடல். 2001 இல் குந்தர் ஸெக்கும் ஃபுரோமெர்ஸும் குளத்து நத்தையின் நரம்புக்கலங்களைச் சில்லின் மேல் வட்டமாக வைத்தார்கள். அங்கே ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. நரம்புக்கலம் உயிருள்ளது, வைத்த இடத்தில் இருக்காது. அது விடும் இழைகள் வளர்ந்து மற்றக் கலங்களோடு சேரும்போது கலவுடல்களையே இழுத்துக்கொண்டு போய்விடும். டிரான்சிஸ்டர் ஒரு பக்கம், கலம் ஒரு பக்கம் என்றாகிவிடும். தீர்வு எந்தத் தோட்டக்காரருக்கும் தோன்றக்கூடியது. ஒவ்வொரு கலத்தையும் சுற்றிப் பொலியிமைட்டுப் பிளாஸ்ரிக்கால் நுண்ணிய கம்பங்கள் நட்டு வேலி போட்டார்கள். இழைகள் கம்பங்களுக்கு நடுவால் போய் ஒன்றையொன்று தேடிப் பின்னிக்கொண்டன, கலங்கள் வேலிக்குள்ளேயே நின்றன. பிறகு சில்லு ஒரு கலத்தைத் தூண்ட, சைகை நரம்பிணைப்பு வழியே அடுத்த கலத்துக்குப் போய், அங்கிருந்து மீண்டும் சில்லுக்கே வந்து சேர்ந்தது. சிலிக்கன், நரம்பு, நரம்பு, சிலிக்கன் என்று ஒரு முழுச்சுற்று. 2003 இல் இன்ஃபினியன் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு சதுர மில்லிமீற்றருக்குள் 16,384 உணரிகள் கொண்ட சில்லைச் செய்தார்கள். ஒரு கலம் எந்த இடத்தில் ஒட்டினாலும் அதன் அடியில் ஓர் உணரி இருக்கும் அளவுக்கு நெருக்கம். கலத்தை ஊசிமுனையால் பிடித்துக் குறிபார்த்து வைக்கும் பொறுமை வேலை அத்தோடு முடிந்தது.

அக்காலத்தில் கொழும்பிலும் ஒருவர் இதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார், கற்பனையாக. பார்ன்ஸ் பிளேசில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1997 இல் வெளியிட்ட 3001 என்ற நாவலில், மூளையையும் கணினியையும் இணைக்கும் தொப்பி ஒன்று வருகிறது. அதை அணிய மொட்டையடித்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் ஆண்டு தள்ளி அவர் வைத்த அந்த இணைப்பின் முதல் முடிச்சு, நாவலுக்கு ஆறு ஆண்டு முன்பே ஊல்மில் போடப்பட்டுவிட்டது. தொப்பிக்கும் அந்த முடிச்சுக்கும் உள்ள தூரம் வேறு கதை.

குறைகடத்தி என்றால் சிலிக்கன் மட்டும் அல்ல. மின்கடத்தும் பொலிமர்கள் மென்மையானவை, வளையக்கூடியவை. அவற்றுள் சில அயனையும் இலத்திரனையும் ஒருங்கே உள்ளே விடும். பெங்களூர் ஜவகர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆய்வு மையத்தில் கே. எஸ். நாராயணும் வினி கௌதமும் இஸ்ரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2014 இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையைச் சேர்ந்தது. முட்டைக்குள் வளரும் கோழிக்குஞ்சின் விழித்திரை குறிப்பிட்ட நாள்வரை ஒளியை உணராது. ஆனால் அதன் நரம்புக்கலங்கள் உயிரோடு இருக்கும். அந்தக் குருட்டு விழித்திரையைப் பொலிமர்ப் படலத்தின் மேல் பரப்பி ஒளி பாய்ச்சினார்கள். ஒளி பட்ட பொலிமரில் மின்னேற்றம் பிரிந்து, மேலுள்ள கலங்கள் துடித்தன. கம்பியும் இல்லை, பற்றரியும் இல்லை. வினி கௌதம் பின்னர் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இந்தியம் பொசுபைட்டு என்ற குறைகடத்தியால் ஆன நுண்கம்பிக் காட்டின் மேல் எலியின் மூளைக்கலங்களை வளர்த்து, 2017 இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். கொடி பந்தலைப் பிடிப்பதுபோல நரம்பிழைகள் கம்பிகளின் வரிசையைப் பிடித்து வளர்ந்தன.

மென்மை முக்கியமானது ஏன் என்றால், மூளை கிட்டத்தட்டக் கெட்டித்தயிர் போன்ற பொருள், சிலிக்கனோ கல். மூளை நாடித்துடிப்போடும் மூச்சோடும் அசைந்துகொண்டே இருக்கிறது. அதற்குள் செருகிய விறைப்பான ஊசி ஒவ்வொரு அசைவிலும் திசுவை உராய்கிறது. மூளையின் துணைக்கலங்கள் அதை அந்நியப் பொருளாக எண்ணி, சுற்றிலும் தழும்பு கட்டுகின்றன. நரம்புக்கலங்கள் பின்வாங்க, இடுக்கு அகல்கிறது. கான் அகன்றால் என்ன ஆகும் என்பது மேலே சொன்னதுதான். பல மாதம் தெளிவாகக் கேட்ட கருவி மெல்ல மெல்ல மங்கிப்போவதற்கு இது பெரிய காரணம்.

எப்படியானாலும், இன்று ஆய்வுகூடங்களில் வெற்றிபெற்று நிற்கும் சில்லுகளில் டிரான்சிஸ்டர் நரம்பைத் தொடுவதில்லை. 2017 இல் வெளிவந்த நியூரோபிக்சல்ஸ் என்னும் ஊசியின் ஒரு பக்கத்தில் 960 உணரிடங்கள் இருக்கின்றன. அவை உலோகத்தன்மை கொண்ட மின்வாய்கள். டிரான்சிஸ்டர்கள் பின்னால் நின்று சைகையைப் பெருப்பிக்கும் வேலையைத்தான் செய்கின்றன. 2022 இல் மெல்பேர்ணின் கோர்ட்டிக்கல் லாப்ஸ் நிறுவனம், ஏறத்தாழ 8 இலட்சம் நரம்புக்கலங்களை மின்வாய்ச் சில்லில் வளர்த்து 'பொங்' என்ற பந்து விளையாட்டில் ஈடுபடுத்திய செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதுவும் இதே வகைச் சில்லுதான். அந்தக் கலங்களுக்கு உணர்வு உண்டு என்ற பொருளில் ஆய்வுக்கட்டுரை எழுதியதை நரம்பியலாளர் பலர் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபம் நியாயமானது. தூண்டலுக்கு ஏற்ப நரம்புக்கலம் தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் என்பது பெரிய விடயம்தான், அதற்கு உணர்வு என்று பெயர் வைக்கத் தேவையில்லை.

உலகத்தில் ஆகப்பெருந்தொகையான மனிதர்கள் காவித்திரியும் நரம்பு மின்னிணைப்பு காதுக்குள் இருக்கிறது. சில்லும் நரம்பும் அங்கே நேருக்கு நேர் தொடுவதில்லை. நடுவில் பிளாற்றினம் நிற்கிறது. உட்காதிலுள்ள நத்தைச்சுருளில் ஏறத்தாழ 3,500 உள்மயிர்க்கலங்கள் ஒலி அதிர்வை நரம்புச் சைகையாக மாற்றுகின்றன. அவை பிறப்பிலேயே செத்திருந்தால், ஒலியைப் பெருப்பிக்கும் சாதாரணக் காதுக்கருவியால் பயனில்லை. ஆனால் அவற்றுக்குப் பின்னாலுள்ள செவிநரம்பு பெரும்பாலும் உயிரோடு இருக்கும். மெல்பேர்ணின் கிரேம் கிளார்க் அந்த நரம்பை நேரடியாகத் தூண்டும் பல்மின்வாய்க் கருவியை 1978 இல் ஒருவருக்குப் பொருத்தினார். சுருண்டு சுருண்டு போகும் குழாய்க்குள் மின்வாய்க் கம்பியை எப்படிச் செருகுவது என்பது அவருக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. 1977 இல் விடுமுறைக்குப் போன கடற்கரையில் சங்குபோன்ற சிப்பி ஒன்றைப் பொறுக்கி, அதற்குள் புல் இதழ்களைச் செருகிப் பார்த்தார். அடி விறைப்பாகவும் நுனி துவளக்கூடியதாகவும் உள்ள புல் சுருளுக்குள் நன்றாக வழுக்கிக்கொண்டு போனது. மின்வாயையும் அவ்வாறே செய்தார்.

காதின் பின்னால் ஒலிவாங்கியும் செயலியும், தோலுக்கடியில் வாங்கியும், நத்தைச்சுருளுக்குள் 22 வரையான பிளாற்றின மின்வாய்களும் கொண்டது இந்தக் கருவி. சுருளின் அடிப்பகுதி உயர்ந்த சுருதிக்கும் நுனிப்பகுதி தாழ்ந்த சுருதிக்கும் உரியது. எந்த மின்வாய் துடிக்கிறது என்பதைப் பொறுத்துச் சுருதி தெரியும். ஒவ்வொரு துடிப்பும் முன்னும் பின்னுமாக இரு பாதியாகப் போகிறது. போன மின்னேற்றம் அதே அளவு திரும்பி வந்துவிடுவதால் திசு புண்ணாகாது. இங்கேயும் எல்லை போடுவது உப்புநீர்தான். மின்வாயிலிருந்து வெளியேறும் மின்னோட்டம் சுருளிலுள்ள திரவத்தில் பரவிப் பக்கத்து நரம்பிழைகளையும் தட்டிவிடுகிறது. ஆகவே 22 மின்வாய் இருந்தாலும் தனித்தனியாகப் பயன்படுவது எட்டளவு என்று கணக்கிடுகிறார்கள். பேச்சு விளங்க அது போதும், சங்கீதத்துக்குப் போதாது. செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் தேர் புறப்படும்போது இந்தக் கருவி அணிந்தவருக்குத் தவிலின் அடி ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும்; நாதஸ்வரத்தின் இராகம் கலங்கித்தான் வரும்.

சென்னையில் வைத்தியர் மோகன் காமேஸ்வரன் இந்தச் சத்திரசிகிச்சையில் தெற்காசியாவின் முன்னோடிகளுள் ஒருவர். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இது அடங்கும். இலங்கையிலும் இந்தச் சத்திரசிகிச்சை நடக்கிறது. கருவியின் விலை இன்றும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது.

ஆனால் விலையைவிட இரக்கமில்லாதது காலம். ஒலிச்சைகை வராத செவிநரம்பின் முனையில் மூளை காத்திருப்பதில்லை. கேட்டலுக்குரிய பகுதியை வேறு வேலைகளுக்கு எடுத்துக்கொள்கிறது. மின்வாய் எவ்வளவு நன்றாகத் துடித்தாலும் மறுமுனையில் கேட்பதற்கு ஆள் வேண்டுமே. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு ஒன்று, இரண்டு வயதில் பொருத்தினால் பேச்சு வரும் வாய்ப்பு மிக அதிகம். பத்து வயதில் பொருத்தினால் சத்தம் கேட்கும், சொல் விளங்குவது கடினம். ஒரு மாதத்துக்குள் செவிச்சோதனை, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பது உலகெங்கும் வைத்தியர்கள் பின்பற்றும் கணக்கு. வீட்டில் புதிதாகப் பிறந்த குழந்தை இருந்தால், கதவு அடித்துச் சாத்தும்போது திடுக்கிடுகிறதா என்று பார்த்துவிட்டு ஆறுதல் அடையவேண்டாம். பிரசவ விடுதியிலிருந்து வீட்டுக்கு வருமுன்பே செவிச்சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.